பன்னிரண்டாம் கல் அம்மனும் பெருமாள்சாமியும்

திண்டுக்கல்லில் புறப்பட்டு, தாடிக்கொம்பைத் தாண்டி வடக்கே போகிற அந்த மாநில நெடுஞ்சாலைக்கு ஒரு நம்பர் உண்டு. அதைச் சொல்லி என்ன பிரயோசனம்? இதுவரை மூன்று தடவை மாற்றியாயிற்று. இதைப் படித்து முடிப்பதற்குள் நாலாவது தடவை மாற்றினாலும் ஆச்சரியமில்லை.

ஆதியில் அது புகையிலை மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிகள் போட்ட தடம். வெள்ளைக்காரன் காலத்தில் ஜில்லா போர்டு ரோடு ஆனது. பிறகு மாவட்டச் சாலை. பிறகு மாநில நெடுஞ்சாலை. ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் அந்தச் சாலைக்குக் கிடைத்த சன்மானம் ஒன்றுதான்: ஓரத்தில் நிற்கும் கிலோமீட்டர் கல்லின் தலைக்கு வேறு நிறத்தில் ஒரு டின் பெயிண்ட். மாநில நெடுஞ்சாலை என்றால் பச்சை. அந்தப் பச்சையை எட்டாம் கல்லிலிருந்து பதினாறாம் கல் வரை அடித்துக்கொண்டிருந்தவர் பெருமாள்சாமி.

பதவியின் பெயர் சாலைப் பணியாளர். செங்குளத்துப்பட்டியில் அவருக்கு ரோட்டுக்காரர் என்று பெயர். எட்டு கிலோமீட்டர் சாலை அவர் பொறுப்பு. பட்டா அரசாங்கத்தின் பேரில், பாடு அவர் பேரில். கருவேல முள்ளை வெட்டுவது, புளியமரத்துக்கு வெள்ளையடிப்பது, வாய்க்கால் அடைப்பெடுப்பது எல்லாம் செய்வார் என்றாலும், அவருடைய கர்வம் முழுக்கக் குழி மூடுவதில் இருந்தது. குழியை முதலில் சதுரமாக வெட்டுவார். தூசியைக் கூட்டுவார். அடியில் பெரிய ஜல்லி, மேலே சின்ன ஜல்லி, அப்புறம் தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் கை கழன்று போகிற வரைக்கும் இடிப்பார். அதற்கப்புறம்தான் தார்.

"பொணத்தப் பொதைச்சா அது எந்திரிச்சு வராது அப்பு. குழி அப்பிடி இல்ல, மழைக்கு மழை எந்திரிச்சு வரும்" என்பார்.

அவர் மூடிய குழிகள் எழுந்து வரவில்லை. அதனாலேயே, இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு பயலும் வண்டியை நிறுத்தி, இந்தக் குழியை மூடிய புண்ணியவான் யார் என்று கேட்டதுமில்லை. மூடிய குழி யார் கண்ணுக்குத் தெரிகிறது?

செங்குளத்துப்பட்டியில் சாலை ஒரு வளைவு வளைகிறது. ஏன் வளைகிறது என்று எந்த வரைபடத்திலும் எழுதியில்லை. ஏதோ ஒரு வண்டிமாடு நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு புளியமர நிழலுக்காக ஒதுங்கியிருக்கும். அப்புறம் வந்த பொறியாளர்கள் எல்லாம் மாட்டின் அபிப்பிராயத்தையே ஏற்றுக்கொண்டார்கள். வளைவுக்கு மேற்கே ஊர், கிழக்கே பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு மகராசன் தானம் கொடுத்த நிலம் கிழக்கே இருந்தது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? ஆகவே ஊர்ப்பிள்ளைகள் அத்தனையும் காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், அந்த வளைவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தன. அவை கடக்கிற இடத்தில்தான் பன்னிரண்டாம் கல் நின்றது.

பெருமாள்சாமியின் ஒரே மகள் மணிமேகலை அங்கேதான் அடிபட்டாள். மூன்றாம் வகுப்பு படித்தாள். ஒரு வியாழக்கிழமை காலை, அய்யலூர் சந்தைக்கு ஆடு ஏற்றிக்கொண்டு பறந்த டெம்போ ஒன்று வளைவில் ஒடித்துத் திரும்பியது. ஆடுகள் எல்லாம் பத்திரமாகச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தன. பிள்ளைக்கு வலது கால் இரண்டு இடத்தில் ஒடிந்தது. தன் கையால் இடித்து இழைத்த சாலையில் தன் மகள் கிடந்ததைப் பார்த்த அன்றைக்குப் பெருமாள்சாமிக்கு ஒன்று விளங்கியது: சாலை மேடு பள்ளமாக இருந்திருந்தால் அந்த டெம்போ அம்புட்டு வேகத்தில் வந்திருக்காது. யாரிடம் சொல்லி அழுவது?

வேகத்தடை கேட்டு மனு எழுதினார். எழுத்து முத்து முத்தாக இருக்கும் அவருக்கு. மாநில நெடுஞ்சாலையில் நினைத்த இடத்தில் வேகத்தடை போட விதியில்லை என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். எழுத்தில் பதில் வரும் என்றும் சொன்னார்கள். ஆறுதலுக்கு ஒரு பலகை வந்தது. 'பள்ளி உள்ளது, மெதுவாகச் செல்லவும்.' அதைக் குழி வெட்டி நட்டவரும் அவரே. நாலாவது மாதம் ஒரு லாரி அதைச் சாய்த்தது. டயரின் தடம் 'மெதுவாக' என்ற எழுத்தின்மேல் பதிந்திருந்தது.

பதிமூன்று வருஷம் போனது. அதற்குள் இன்னும் இரண்டு பிள்ளைகள் அடிபட்டன, ஒன்று பிழைக்கவில்லை. எழுத்தில் பதில் மட்டும் வரவில்லை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஆயுத பூசை அன்றைக்கு லாரிக்காரன் லாரிக்குப் பொட்டு வைப்பான், தையல்காரன் மிஷினுக்கு வைப்பான். சாலைப் பணியாளன் எதற்கு வைப்பான்? கடப்பாரை, மண்வெட்டி, திமிசு, அவற்றோடு ஒரு கிலோமீட்டர் கல். கல்லைக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை சாத்தி, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, பொரிகடலை படைப்பார்கள். மறுநாள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கல்லைத் திரும்பக் கல்லாக்கிவிட வேண்டும். இந்த மறுபாதிதான் முக்கியம். அந்த வருஷம் பன்னிரண்டாம் கல்லுக்குப் பூசை போட்ட அன்று சாயங்காலமே பெருமாள்சாமியைச் சிக்குன்குனியா படுக்கப் போட்டுவிட்டது. கல்லைக் கல்லாக்க ஆளில்லை.

ஆறாம் நாள் முழங்கால் மூட்டைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தார். வாழைக்கன்று வாடியிருந்தது. ஆனால் மாலை புதுசாக இருந்தது. யாரோ எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் கொளுத்தி, மஞ்சள் துணி சுற்றியிருந்தார்கள். இதென்னடா கூத்து என்று அவர் நிற்கும்போதே வளைவில் ஒரு மணல் லாரி சீறிக்கொண்டு வந்தது. கல்லைக் கண்டதும் ஓட்டுநர் பிரேக்கில் கால் வைத்தான். ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். நத்தையாக ஊர்ந்து கடந்து, அப்புறம்தான் வேகம் எடுத்தான். பதிமூன்று வருஷம் மனுவுக்கு அடங்காத லாரி ஒரு எலுமிச்சம்பழத்துக்கு அடங்கியது.

பெருமாள்சாமி மாலையை எடுக்க நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அவருக்குச் சாமி பக்தி பெரிதாகக் கிடையாது. தாடிக்கொம்புப் பெருமாள் கோயிலுக்குப் போவதே புளியோதரைக்காக என்று வீட்டில் பெயர் எடுத்தவர். அப்பேர்ப்பட்டவர் அன்று முதல் செவ்வாயும் வெள்ளியும் விடியுமுன்னே எழுந்து, டியூட்டிக்குப் போகிற சாக்கில், கல்லுக்குப் புது எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு வந்தார்.

ஒரு வருஷம்தான் அவருக்கு அந்த வேலை இருந்தது. அப்புறம் அம்மன் தானே பார்த்துக்கொண்டாள். சூலம் வந்தது, சிமெண்டு மேடை வந்தது, தென்னங்கீற்றுப் பந்தல் வந்தது, பன்னிரண்டாம் கல் அம்மன் என்ற பெயரும் வந்தது. சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை கட்டினார்கள். 'திண்டுக்கல் 12' என்ற எழுத்து மட்டும் கொசுவத்துக்கு மேலே தெரியும். பேருந்துகள் நின்று திருநீறு வாங்கிப் போயின. அந்த வளைவில் ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை.

அம்மனுக்கு முதல் அடியவள் பெருமாள்சாமியின் மனைவி ஒச்சம்மாள்தான்.

"செருப்பக் கழட்டிட்டு வாங்க. அம்மனுக்கு முன்னால அப்பிடியே நிக்கிறீகளே" என்று அவள் அதட்டுவாள். அந்த அம்மனுக்குத் தலை முழுக்கப் பச்சை பெயிண்ட் அடித்தவனே நான்தானடி என்று நாக்கு நுனி வரை வரும். விழுங்கிவிட்டுச் செருப்பைக் கழற்றுவார்.

இந்த நேரத்தில்தான் வேகத்தடை மனுவுக்கு எழுத்தில் பதில் வந்தது. பதினாலு வருஷம் கழித்து! 'தல ஆய்வு செய்ததில் மேற்படி இடத்தில் வாகனங்கள் மெதுவாகவே செல்வது தெரியவருவதால், வேகத்தடை அவசியமில்லை எனத் தெரிவிக்கலாகிறது.' ஆய்வுக்கு வந்த ஜீப்பும் அம்மனுக்குச் சூடம் கொளுத்திவிட்டுப் போனதாகக் கேள்வி. பெருமாள்சாமி வயிறு வலிக்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கடிதத்தைப் பீரோவில் பத்திரமாக வைத்தார்.

மணிமேகலை வளர்ந்து, கல்யாணமாகி, கணவர் திருப்பூரில் வேலை பார்ப்பதால் அப்பா வீட்டோடு இருந்தாள். அவள் மகள் தமிழ்நிலா மூன்றாம் வகுப்புக்கு வந்தாள். அதே பள்ளிக்கூடம், அதே வளைவு. பெருமாள்சாமி ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கையில், சாலையை இரு வழியாக அகலப்படுத்த உத்தரவு வந்தது. வளைவைக் கொஞ்சம் நிமிர்த்தப் போகிறார்கள். பன்னிரண்டாம் கல் நிற்கும் இடம் இனிமேல் சாலையின் நடு உடம்பு. கல்லை எடுத்தாக வேண்டும்.

உதவிப் பொறியாளர் சத்யபிரியா நல்ல பெண். வயசுக்கு மரியாதை கொடுத்துப் பேசுவாள். அவளிடம் போய் நின்றார்.

"மேடம், கல்ல எடுத்தா எடுத்துக்கங்க. அந்த எடத்துல ஒரு வேகத்தடை மட்டும் போட்ருங்க."

"அண்ணே, வேகமாப் போறதுக்குத்தானே ரோட்டையே அகலப்படுத்துறோம். அதுல நானே வேகத்தடை போட்டா என்னைய என்ன சொல்வாங்க? மேல எழுதிப் பாக்குறேன், வேற என்ன செய்ய?"

மேலே எழுதினால் எத்தனை வருஷம் என்பது அவருக்குத் தெரியும்.

சரி, ஊர் விடாது என்று ஒரு நம்பிக்கை இருந்தது. அம்மனைத் தொட்டுப் பாருடா என்று சனம் ரோட்டில் உட்கார்ந்துவிடும், உத்தரவு தானாகப் பின்வாங்கும் என்று கணக்குப் போட்டார். பள்ளிக்கூடத்து வராந்தாவில் கூட்டம் நடந்தது. ஒப்பந்தக்காரரின் ஆள் எழுந்து, ஊருக்குள்ளே ஊரணிக்கரையில் தகரக் கூரையோடு ஒரு கோயில், தரைக்கு டைல்ஸ், பக்கத்தில் ஒரு போர்வெல் என்றான். அவ்வளவுதான். ஊர் ஒரே வாயில் சரி என்றது.

"ரோட்டு மேல அம்மனுக்கும் தூசிதானே. ஆரன் சத்தத்துல ஆத்தா தூங்கவா முடியும்?" என்றார் டீக்கடை அழகுராஜா.

"அம்மன் அந்த எடத்த விட்டு அசையக்கூடாது" என்று ஒரு குரல் எழுந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெருமாள்சாமி.

கூட்டம் சிரித்தது. "ஏன் மாமா, செருப்போட நின்ன ஆளுக்கு இம்புட்டு பக்தி எப்ப வந்துச்சு?"

அவருக்கு ஆதரவாகப் பேசிய ஒரே ஆள் தலைமையாசிரியை சகாயராணி டீச்சர். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். "அம்மன் அங்கயே இருக்கட்டுமேங்க. எங்க பிள்ளைகள யாரு பாத்துக்குவா?" என்றார். சாமி கும்பிடாத ஒருவரும் வேறு சாமி கும்பிடுகிற ஒருவரும் வேண்டாம் என்று மன்றாட, கும்பிடுகிற கூட்டம் அத்தனையும் அம்மனைப் பெயர்க்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டது. ஒச்சம்மாளும் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் அவளிடம் உண்மையை உடைத்தார். "அது அம்மன் இல்ல புள்ள. காய்ச்சல்ல கெடந்து நான் எடுக்க மறந்த பூசச் சாமான். அப்புறம் எலுமிச்சம்பழம் வச்சதும் நாந்தேன்."

ஒச்சம்மாள் வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"என் அடுப்படியில செவ்வா வெள்ளி எலுமிச்சம்பழம் காணாமப் போகுது. எனக்குத் தெரியாதாக்கும். வச்சது நீங்க. வந்தது அவ."

"தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்ட?"

"அவ எங்க இருந்தாலும் பாத்துக்குவா."

"அவ பாப்பா. லாரிக்காரன் பாக்கணும்ல" என்றார். மணிமேகலை உள்ளறையிலிருந்து வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். வலது காலை ஒரு இழுப்பு இழுத்துத்தான் நடப்பாள். அந்தச் சத்தம் அவருக்கு இன்றைக்கும் பழகவில்லை.

மேளதாளத்தோடு அம்மன் ஊரணிக்கரைக்குப் போனாள். மேடையைப் பெயர்த்த இடத்தில் புது ரோட்டின் முக்கால் அகலத்துக்கு, இடுப்பளவு பள்ளம் கிடந்தது. தார் போடுவதற்கு முன்னால் அதை மூட வேண்டும். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் மூடினால் எப்படி மூடுவார்கள் என்பது சத்யபிரியாவுக்குத் தெரியும்.

"பெருமாள்சாமி அண்ணன் மூடட்டும். அவர் மூடுனா அது எந்திரிச்சு வராது" என்றாள். அவர் ஓய்வு பெற இன்னும் நாலு நாள் இருந்தது.

இருபத்தெட்டு வருஷத்தில் முதல் பாராட்டு. அதைக் கேட்டுக்கொண்டு பள்ளத்தின் விளிம்பில் கொஞ்ச நேரம் நின்றார் பெருமாள்சாமி. ஜல்லி ஒரு பக்கம் குவிந்திருந்தது. மறுபக்கம் பிரித்துப் போட்ட பந்தலின் தென்னங்கீற்று, வாழைத்தண்டு, பதினோரு வருஷமாகப் பின்னால் குவிந்த காய்ந்த மாலைகள். பிறகு கீற்றையும் தண்டையும் மாலையையும் பள்ளத்தில் தள்ளினார். அதன்மேல் ஊரணி வண்டல். ஜல்லியை மேலாக ஒரு போர்வை மாதிரி பரப்பினார். விளிம்புகளை மட்டும் சரிவாகச் சீவி, நன்றாக இடித்துக் கெட்டிப்படுத்தினார், இரு சக்கர வண்டிக்காரன் குப்புற விழுந்துவிடக் கூடாது பாருங்கள். நடுவில் திமிசைத் தொடவே இல்லை. கள்ளத்தனம் பழக்கமில்லாத கை.

ரோலர் வந்து மேலே ஓடியது. தார் விழுந்தது. சாலை கண்ணாடி மாதிரி இருந்தது. சத்யபிரியா பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் அவரைக் கொன்றது.

ஜூனில் பள்ளி திறந்தது. வண்டிகள் பறந்தன, கும்பிட ஆளில்லை, பயப்பட ஆளில்லை. ஓய்வு பெற்ற பெருமாள்சாமி தன் பழைய சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு காலையிலும் சாயங்காலமும் வளைவில் நின்றார். பாதி வண்டிகள் கொடியை மதித்தன. ஆவணியில் ஒரு நாள் ஒரு வேன் கொடியையும் மதிக்காமல் வந்து, தமிழ்நிலாவின் சாப்பாட்டுப் பையை உரசிக்கொண்டு நின்றது. பிள்ளை சிரித்தாள். கிழவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சாலையைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார். பூந்தோட்டக்காரன்கூட அந்த வருஷம் மழைக்கு அவ்வளவு ஏங்கியிருக்க மாட்டான்.

ஐப்பசி கைவிடவில்லை. ஒன்பது நாள் அடைமழை. அடியில் கீற்று அழுகி, வண்டல் கரைந்து, பத்தாம் நாள் காலையில் பார்த்தால் சாலை பன்னிரண்டாம் கல் இருந்த இடத்தில் ஒரு தாம்பாளம் போலக் குழிந்திருந்தது. பெருமாள்சாமி குனிந்து கையை வைத்துப் பார்த்தார். நாலு விரல் ஆழம். அப்போது ஒரு பேருந்து வளைவில் வந்தது, குழியைக் கண்டது, பொறுமையாக இறங்கி ஏறியது. பின்னால் வந்த லாரி, அதன் பின்னால் வந்த கார், எல்லாம் வரிசை பிடித்து ஊர்ந்தன. அவர் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அழகுராஜாவின் கடையில் டீ குடிக்கிறபோது, ஒரு லாரி ஓட்டுநர் கண்ணாடித் தம்ளரை டங்கென்று வைத்துவிட்டுக் கேட்டான்.

"புது ரோடுய்யா. எந்த வெளங்காத பய அந்தக் குழிய மூடுனது?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு பக்கமாகத் திரும்பினார்கள்.

"நாந்தேன்" என்றார் பெருமாள்சாமி. அவர் மூடிய குழியைப் பற்றி ஒருவர் கேட்டது அதுவே முதல் தடவை. கூச்சமாக இருந்தது, வலித்தது. இருந்தாலும் டீ இனித்தது.

"வயசாயிருச்சுல்ல. கடைசி வேலையில கோட்ட விட்டுட்டாரு" என்று அழகுராஜா சமாதானம் சொன்னார். இடத்தை விட்டுப் பெயர்த்த கோபத்தில் அம்மன் உள்வாங்கிக்கொண்டாள் என்று சொன்னவர்களும் உண்டு. ஒச்சம்மாள் அதைக் கேட்டுவிட்டு, புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அந்த வெள்ளிக்கிழமை குழியோரத்தில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. இந்தத் தடவை வைத்தது அவர் இல்லை.

கார்த்திகை பிறந்ததும் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். குழியை உடனே சரிசெய்யக் கோரி ஊர் சார்பில் மனு கொடுக்க வேண்டுமாம்.

"மாமா, கெடுத்தது நீங்கதேன். ஆனா மனு எழுத உங்கள விட்டா ஆளு ஏது? ஆபீஸுக்கு எப்பிடி எழுதணும்னு உங்களுக்குத்தானே தெரியும்" என்றார் அழகுராஜா.

"அதுக்கென்ன, எழுதிருவோம்" என்றார் பெருமாள்சாமி.

சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கோடு போட்ட வெள்ளைத் தாளில், முத்து முத்தான எழுத்தில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார். பெறுநர் பகுதியில், வேகத்தடை கேட்டு அன்றைக்கு எழுதிய அதே முகவரியைப் போட்டார். கீழே முதல் கையெழுத்தைத் தானே போட்டார். தமிழ்நிலா முற்றத்தில் பையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"தாத்தா, நேரமாச்சு. நான் தனியாப் போயிரவா?"

பெருமாள்சாமி மனுவை நாலாக மடித்தார். பதினாலு வருஷம் என்று வைத்தால், பதில் வரும்போது இவளுக்கு இருபத்திரண்டு ஆகியிருக்கும்.

"போ தாயி" என்றார்.